கண்மாய் மறுகால் பாய்கிறது, போர்வெல்லில் புழுதி பறக்கிறது: இது எப்படி?

கேட்டவருக்கு மதுரைக்குத் தெற்கே, திருமங்கலம் போகிற வழியில் வீடு. கண்மாய்க் கரையிலிருந்து 200 மீட்டர்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்து, உபரித் தண்ணீர் மறுகால் வழியாகப் பாய்ந்திருக்கிறது. அந்தத் தெம்பில் 600 அடிக்குப் போர் போட்டிருக்கிறார், கடைசி அடி வரை வெறும் புழுதி. பக்கத்து வீட்டில் அவர்கள் தாத்தா காலத்துக் கிணற்றில் 15 அடியில் தண்ணீர் கிடக்கிறது. அப்படியானால் கண்மாய்த் தண்ணீர் நிலத்துக்குள் இறங்குகிறதா இல்லையா என்பது முதல் கேள்வி. இத்தனை வீட்டுக்காரர்களும் போர் போட்டு இழுத்தால் கண்மாயே வற்றிவிடாதா என்பது இரண்டாவது.

இருபது வருடத்துக்கு மேல் இந்த மாவட்டத்துக் கிணறுகளில் டேப் விட்டு நீர்மட்டம் அளந்துதான் நான் பிழைத்தேன், அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்று. வீடு கரைக்கு வெளியே, பாசன வயல் இருக்கிற ஆயக்கட்டுப் பக்கம் இருக்கிறதா, கண்மாய்க்குத் தண்ணீர் வந்து சேர்கிற உள்வாய்ப் பக்கம் இருக்கிறதா? கண்மாயிலிருந்து 200 மீட்டர் என்றால் எல்லாப் பக்கமும் ஒன்றில்லை. நம்ம ஊர்க் கண்மாய் கிணறு மாதிரி தோண்டினது இல்லை. சரிவில் இறங்கி வருகிற தண்ணீரைப் பிறை மாதிரி ஒரு கரை போட்டு மறித்தது. கரை இருக்கிற பக்கம் தாழ்வு, உள்வாய்ப் பக்கம் மேடு. அந்தச் சரிவு மண்ணுக்கு மேலே மட்டும் இல்லை, மண்ணுக்குள் நிற்கிற நீர்மட்டத்துக்கும் ஏறக்குறைய அதே சாய்வு உண்டு. 15 அடியில் தண்ணீர் கிடக்கிறது என்பதை வைத்துப் பார்த்தால் நீங்கள் ஆயக்கட்டுப் பக்கம்தான், அதாவது அந்தக் காலத்து வயல்காட்டில் பிளாட் போட்ட இடம். அப்படியே வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பதைத் தீர்மானிப்பது மட்டம். கண்மாயில் நிற்கிற தண்ணீரின் மட்டம் உயரமா, சுற்றி மண்ணுக்குள் நிற்கிற தண்ணீரின் மட்டம் உயரமா என்று பாருங்கள். எது உயரமோ அங்கிருந்து மற்றதுக்குப் போகும். எவ்வளவு போகும் என்பது வேறு கணக்கு. 1856-ல் ஹென்றி டார்சி என்ற பிரெஞ்சு பொறியாளர், டிஜோன் என்ற ஊருக்குக் குடிதண்ணீர் ஏற்பாடு செய்தவர், ஒரு நெட்டைக் குழாயில் மணலை நிரப்பித் தண்ணீர் விட்டு அளந்து ஒரு விதி சொன்னார். இரண்டு முனைகளுக்கும் மட்ட வித்தியாசம் கூடினால் ஓட்டம் கூடும், இடையில் தூரம் கூடினால் குறையும், நடுவில் இருக்கிற பொருள் எவ்வளவு வழி விடுகிறது என்பது பெருக்கலாக வந்து சேரும். இன்றைக்குக் கம்ப்யூட்டரில் போடுகிற நிலத்தடி நீர்க் கணக்கு முக்கால்வாசி இதன் மேல்தான் நிற்கிறது. உங்கள் கதையில் கோளாறு மட்டத்தில் இல்லை, அந்த நடுவில் இருக்கிற பொருளில். அதற்கு வருவோம்.

ஒரே கண்மாய் ஒரே நாளில் ஒரு பக்கம் தண்ணீரை வாங்கி இன்னொரு பக்கம் கொடுக்கும் என்று சொன்னால் ஊரில் யாரும் நம்புவதில்லை. நானும் பார்க்கிற வரை அரைகுறையாகத்தான் நம்பினேன். பார்ப்பதற்கு ஒரு எளிய கருவி இருக்கிறது, 1977-ல் டேவிட் லீ என்பவர் எழுதி வைத்த முறை. ஒரு இரும்பு டிரம்மைக் குறுக்காக அறுத்து, மூடிப் பக்கம் மேலே இருக்கிற மாதிரிக் கவிழ்த்து, தரையில் சேற்றுக்குள் அமுக்கி வைக்க வேண்டும். மேலே ஒரு ஓட்டை, அதில் சின்ன ட்யூப், ட்யூபின் முனையில் அளந்து தண்ணீர் ஊற்றின பிளாஸ்டிக் பை. அவ்வளவுதான். தரையிலிருந்து தண்ணீர் மேலே ஊறினால் பை உப்பும். கண்மாய்த் தண்ணீர் கீழே இறங்கினால் பை சூம்பும். திருமங்கலம் பக்கம் ஒரு கண்மாயில் மார்கழியில் இதை வைத்தோம். பழைய இரும்புக் கடையில் வாங்கின டிரம், பாதி நாள் அதன் டீசல் வாடையைக் கழுவுவதிலேயே போனது. இடுப்பளவு தண்ணீரில் நின்று பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது கரையில் ஆடு மேய்த்த பெரியவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "என்னப்பா, கண்மாய்க்குக் குளுக்கோஸ் ஏத்துறீங்களா?" என்றார். கேள்வி சரியானதுதான், ஏத்துகிறோமா இறக்குகிறோமா என்றுதான் நாங்களும் பார்த்துக்கொண்டிருந்தோம். மறுநாள் காலையில் கரையோரத்துப் பை சூம்பிப் போயிருந்தது. உள்வாய் ஓரத்தில், மேட்டுக்காட்டை ஒட்டி வைத்த பை நன்றாக உப்பியிருந்தது. மழை ஓய்ந்து மூன்று வாரம், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்காலில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஆனாலும் மேட்டுக்காட்டு மண் குடித்து வைத்திருந்ததைக் கண்மாய்க்குக் கொடுத்துக்கொண்டிருந்தது, கண்மாய் அதை வாங்கிக் கரைக்கு அடி வழியாக ஆயக்கட்டுக்குக் கைமாற்றிக்கொண்டிருந்தது. நடுவில் வைத்த பையில் கிட்டத்தட்ட மாற்றமே இல்லை. கொடுக்கல் வாங்கலில் பெரும்பகுதி ஓரத்தில்தான் நடக்கும், நடுவுக்குப் போகப் போக வேகமாகக் குறைந்துவிடும். உலகத்தில் நிறைய ஏரிகளில் அப்படித்தான். நமக்கு நடுவில் வண்டலும் அதிகம் என்பதால் இன்னும் குறைவு.

இதே கண்மாயில் பங்குனியில் போய்ப் பார்த்தால் கதை வேறு. மேட்டுக்காட்டுக் கிணறுகளில் மட்டம் இறங்கியிருக்கும், அந்தப் பக்கத்து ஊற்று நின்றிருக்கும், எல்லாப் பக்கமும் கண்மாய்தான் கொடுக்க வேண்டும். மனிதர்கள் மாதிரிதான், கையில் இருக்கிறவன் கொடுப்பான், மாசக் கடைசியில் அவனே கடன் வாங்குவான்.

இந்தக் கைமாற்று ஒரு கண்மாயோடு நிற்பதும் இல்லை. நம்ம பக்கம் கண்மாய்கள் சங்கிலியாக இருக்கும், மேல் கண்மாயின் மறுகால் கீழ்க் கண்மாய்க்கு வரத்து. அது கண்ணுக்குத் தெரிகிற சங்கிலி. தெரியாத ஒன்று மண்ணுக்குள் ஓடுகிறது. மேல் கண்மாயிலும் அதன் வயல்களிலும் இறங்கின தண்ணீர், கீழ்க் கண்மாயின் உள்வாயில் ஊற்றாக வந்து சேரும். மேலூர்ப் பக்கம் பெரியாறு கால்வாய்த் தண்ணீர் பாய்கிற காலத்தில் இதை நன்றாகப் பார்க்கலாம். மேலே நெல் வயலில் தண்ணீர் கட்டினால், கீழே ஓடையில் மழையே இல்லாமல் கசிவு ஓடும். மேல் கண்மாயை மூடி வீடு கட்டினால் கீழ்க் கண்மாய்க்கு மறுகால் மட்டும்தான் நஷ்டம் என்று நினைக்கிறோம். இந்தக் கசிவையும் சேர்த்து எழுதினால்தான் கணக்கு முழுமையாகும்.

சரி, அப்புறம் உங்கள் போர் ஏன் ஏமாற்றியது?

மதுரை மாவட்டத்தில் வைகையை ஒட்டிய மணல் பட்டையை விட்டுவிட்டால் அடியில் முழுக்கக் கடும்பாறை. கிரானைட், நைஸ், சார்னோகைட் என்று வகை சொல்வார்கள், மேலூர், கீழவளவு குவாரியில் அறுத்து எடுத்த கல் எல்லாம் இந்தக் குடும்பம். பாறைக்கு மேலே, மண்ணுக்குக் கீழே, பல லட்சம் வருடமாக உளுத்துப்போன ஒரு அடுக்கு இருக்கும். கிணறு வெட்டுகிறவர்கள் சரளை, சுக்கான் என்று சொல்கிற சமாச்சாரம், கடப்பாரையில் குத்தினால் பொலபொலவென்று உதிரும். சில இடத்தில் 20 அடி, சில இடத்தில் 80 அடி. கண்மாயிலிருந்து இறங்குகிற தண்ணீர் பெரும்பாலும் இந்த அடுக்குக்குள்தான் பக்கவாட்டில் நகரும். அதற்குக் கீழே திடமான பாறை, அதில் தண்ணீர் இருந்தால் வெடிப்புகளில் மட்டும்தான் இருக்கும். வெடிப்பு கிடைத்தால் யோகம், இல்லாவிட்டால் 600 என்ன, 1000 அடி போனாலும் புழுதிதான்.

இப்போது பக்கத்து வீட்டுக் கிணற்றைப் பாருங்கள். 20 அடி அகலம், 40 அடி ஆழம் என்றால் அதன் சுவர் முழுக்க அந்தச் சரளை அடுக்கு திறந்து கிடக்கிறது. கண்மாய்க் கசிவு நேராக உள்ளே வருகிறது. உங்கள் போரில் என்ன செய்தார்கள்? மேல் மண் சரிந்து விழக் கூடாது என்று பாறை தட்டுகிற வரை கேசிங் பைப் இறக்கினார்கள். எல்லோரும் செய்வதுதான், செய்யவும் வேண்டும். ஆனால் அந்தக் கேசிங் எந்த அடுக்கை அடைக்கிறது? கண்மாய்த் தண்ணீர் நகர்கிற அதே அடுக்கை. வாசலில் வந்து நிற்கிற தண்ணீருக்குக் கதவைச் சாத்திவிட்டு 600 அடிக்குக் கீழே போய்த் தேடியிருக்கிறீர்கள். போர் வண்டிக்காரரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு அடிக்குத்தான் கூலி.

இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன் என்று சொன்னால் உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். எங்கள் மாமா வீட்டில் கண்மாயை ஒட்டின காட்டில் ஒரு பாழுங்கிணறு இருந்தது. தண்ணீர் இருந்தது, ஆனால் மோட்டார் வைத்தால் முக்கால் மணி நேரத்தில் தரை தட்டிவிடும், மறுபடி ஊற நாலு மணி நேரம். "நீதான் தண்ணி படிச்சவனாச்சே, பாரு" என்றார் மாமா. நான் பார்த்து, மூலையில் போர் போட ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தேன். 450 அடியில் நிறுத்தினார்கள். வெளியே வந்த பொடி முழுக்க வெள்ளை வெளேர் என்று காய்ந்த பொடி, ஒரு கைப்பிடி கூட நனையவில்லை. மாமா ஒன்றும் சொல்லவில்லை. அத்தை மட்டும் ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்கிறார். அந்தக் காசில் பாதிக்குக் கிணற்றைத் தூர் வாரி, சரளை அடுக்கிலேயே கண்மாயைப் பார்த்த திசையில் சைடு போர், அதாவது கிணற்றுச் சுவரில் படுக்கைவாட்டில் துளை, போட்டிருந்தால் அது ஊறுகிற வேகம் கூடியிருக்கும். பிறகு அதைத்தான் செய்தார்கள், இப்போது ஒன்றரை மணி நேரம் மோட்டார் ஓடுகிறது.

அளவு எவ்வளவு என்று கேட்பீர்கள். மத்திய அரசின் நிலத்தடி நீர் மதிப்பீட்டில் ஏரி, குளம், கண்மாய்களுக்கு ஒரு பொது விதி வைத்திருக்கிறார்கள்: தண்ணீர் நிற்கிற நாளெல்லாம், நாளுக்கு 1.4 மில்லிமீட்டர் கீழே இறங்குவதாகக் கணக்கு. கேட்க அற்பமாக இருக்கும். 100 ஏக்கர் கண்மாய்க்குப் போட்டுப் பாருங்கள், நாளுக்கு சுமார் 5 லட்சத்து 66 ஆயிரம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் அளந்தால் 47 லாரி, தினமும், சத்தமில்லாமல். 100 நாள் தண்ணீர் நின்றால் 5 கோடியே 66 லட்சம் லிட்டர். உளுத்த பாறையில் இடுக்கு குறைவு, 100 பங்கில் 2 பங்குதான் தண்ணீர் தேங்கவும் திரும்ப எடுக்கவும் இடம் இருக்கும். அதனால் அந்தத் தண்ணீரை 500 ஏக்கருக்கு அடியில் பரப்பினால் மட்டம் சுமார் நாலரை அடி ஏறும். மணலில் இதே தண்ணீரை விட்டால் அரை அடி கூட ஏறின மாதிரி தெரியாது. அதனால் கடும்பாறை ஊரில் கிணறு சீக்கிரம் ஏறும், அதைவிடச் சீக்கிரம் இறங்கும். 1.4 என்பது இந்தியா முழுக்கப் பொதுவாக வைத்த எண், உங்கள் கண்மாயில் அது 3 ஆகவும் இருக்கலாம், அரையாகவும் இருக்கலாம்.

உங்கள் கண்மாயில் எவ்வளவு என்பதை நீங்களே பார்க்க ஒரு வழி உண்டு. மழை இல்லாத ஒரு வாரம், வரத்து நின்று, வயலுக்குத் தண்ணீர் விடுகிற மடையும் அடைத்து, மறுகாலும் ஓயட்டும். ஓரத்தில் ஒரு குச்சியை நட்டுக் கோடு போடுங்கள். பக்கத்திலேயே அகலமான பழைய அன்னக்கூடை ஒன்றைத் தண்ணீருக்குள் கல் மேல் வைத்து, விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வரை அதே கண்மாய்த் தண்ணீரை ஊற்றுங்கள். கூடையில் இறங்குவது வெயில் குடித்தது மட்டும். கண்மாயில் இறங்குவது வெயில் குடித்ததும் மண் குடித்ததும் சேர்த்து. ஒரு வாரத்தில் கண்மாய் 60 மி.மீ. இறங்கி, கூடை 40 மி.மீ. இறங்கியிருந்தால் மிச்சம் 20-ம் மண்ணுக்குப் போனது. கூடைக்கு மாடு வந்து வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதுதான் இதில் கஷ்டமான பாகம்.

வெயில் என்றதும் சொல்லிவிடுகிறேன். மதுரைக் கோடையில் திறந்த தண்ணீர் நாளுக்கு 6 மி.மீ. அளவுக்கு ஆவியாகும், அதே 100 ஏக்கருக்கு 200 லாரி. 2017 ஏப்ரலில் வைகை அணையில் தெர்மாகோல் விரித்தது இதைத் தடுக்கத்தான், காற்று ஒரே தள்ளில் அத்தனையையும் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் நாடு முழுக்கச் சிரித்ததும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கவலை நியாயமானது, வைத்தியம்தான் சரியில்லை. தண்ணீரை வெயிலிடமிருந்து காப்பாற்ற மண்ணுக்கு அடியை விட நல்ல இடம் இல்லை. நாலைந்து மீட்டர் கீழே போய்விட்டால் அந்தத் தண்ணீரை வெயில் தொடாது.

கண்மாய் கார்த்திகையில் நிறைந்தும் கிணறு தை மாதம்தான் ஏறுகிறது என்று உங்கள் ஊரில் சொல்வார்கள், அதுவும் சரி. அதில் ஒரு நுணுக்கம் உண்டு. கிணறு ஏறுவது ஒரு விஷயம், கண்மாயின் தண்ணீரே கிணற்றுக்கு வந்து சேர்வது வேறு விஷயம். மீனாட்சியம்மன் கோயிலில் தரிசன வரிசை நிற்கிறது, பின்னால் நாற்பது பேர் வந்து நெருக்குகிறார்கள், முன்னால் நிற்கிறவர் உடனே சந்நிதிக்குள் தள்ளப்படுவார். உள்ளே போனவர் இப்போது வந்த நாற்பதில் ஒருவர் இல்லை, காலையிலிருந்து நின்றவர். அதே மாதிரி கண்மாய் ஏறினதும் அழுத்தம் மண்ணுக்குள் நெருக்கிக்கொண்டே வரும், 200 மீட்டர் தூரத்துக் கிணற்றில் இரண்டு மூன்று மாதத்தில் ஏற்றம் தெரியும். ஆனால் கண்மாயில் இன்றைக்கு நிற்கிற தண்ணீர் அந்தச் சரளைக்குள் நாளுக்கு முக்கால் மீட்டர் நகர்ந்தாலும், 200 மீட்டர் வர ஒன்பது மாதம் ஆகும். எது யாருடைய தண்ணீர் என்று கண்டுபிடிக்க ஆய்வகத்தில் வழி இருக்கிறது. கண்மாயில் வெயிலில் கிடந்த தண்ணீரில் எடை குறைந்த மூலக்கூறுகள் முதலில் ஆவியாகிவிடும், கனமான ஆக்சிஜன் 18-ம், டியூட்டீரியம் என்கிற கனமான ஹைட்ரஜனும் விகிதத்தில் கூடிப்போகும். கிணற்றில் அந்தச் சாயல் தெரிந்தால் அது கண்மாய் வழி வந்தது, தெரியாவிட்டால் மழை நேராக இறங்கினது. வீட்டில் அவ்வளவு முடியாது, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற ஒரு டி.டி.எஸ். மீட்டர் போதும். உப்புக் கிணறு வருடா வருடம் ஒரு மாதத்தில் மட்டும் கொஞ்சம் நல்ல தண்ணீராக மாறினால், புதுத் தண்ணீர் எப்போது வந்து சேர்கிறது என்று தெரிந்துவிடும்.

மண்ணைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. திருமங்கலம், பேரையூர் பக்கம் கரிசல். கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும், முதல் தண்ணீரை மடமடவென்று குடிக்கும், பிறகு ஊறி உப்பி வாயை மூடிக்கொள்ளும். அப்புறம் மாதக்கணக்கில் தண்ணீர் நின்றாலும் கீழே இறங்குவது கொஞ்சம்தான். வைகையோரம் நேர் எதிர். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் ஆற்றில் இறங்க வைகை அணையில் தண்ணீர் திறந்தால், வழியெல்லாம் காய்ந்த மணல் குடித்ததுபோக மிச்சம்தான் மதுரைக்கு வரும், அதனால்தான் பல நாள் முன்னாலேயே திறக்கிறார்கள். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் இந்த வைகையோரப் பகுதியில்தான் இருக்கிறது. திருமலை நாயக்கர் காலத்தில், 1645-ல் வெட்டினது. வைகையிலிருந்து பனையூர்க் கால்வாய் வழியாகத் தண்ணீர் வர வேண்டும். கால்வாய் அடைபட்டு வருடக்கணக்கில் காய்ந்து கிடந்தபோது பையன்கள் உள்ளே கிரிக்கெட் ஆடினார்கள், நானும் ஆடியிருக்கிறேன். இப்போது கால்வாய் சரியாகித் தண்ணீர் நிற்க ஆரம்பித்த பிறகு அக்கம்பக்கத்துப் போர்களில் மட்டம் ஏறிவிட்டதாக அங்கே இருக்கிறவர்கள் சந்தோஷமாகச் சொல்கிறார்கள். நம்பலாம். அங்கே ஒரு போர் பலன் பெறுவதை வைத்து உங்கள் கரிசல் கண்மாய்க்குக் கணக்குப் போட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

கண்மாயைத் தூர் வாரினால் போருக்குத் தண்ணீர் வருமா என்றும் அடிக்கடி கேட்கிறார்கள். 2017-ல் கண்மாய்களைச் சீர்செய்கிற குடிமராமத்து திரும்ப ஆரம்பித்ததிலிருந்து இந்த நம்பிக்கை கூடியிருக்கிறது. பாதி உண்மை. கண்மாயின் அடியில் படிகிற நைசான கரம்பை, ஒரு சாண் கனம் இருந்தாலே, கசிவைப் பெரிய அளவில் அடைத்துவிடும். அதை வழித்து வயலில் போட்டால் வயலுக்கும் நல்லது, கீழே இறங்குவதும் கூடும். ஆனால் சரளை தெரிகிற வரை பொக்லைனில் தோண்டினால் தண்ணீர் வேகமாகக் கீழே போய்விடும், ஆயக்கட்டுக்காரருக்குத் தை மாதம் நெல் பால் பிடிக்கிற சமயத்தில் மடையில் தண்ணீர் ஏறாது. கண்மாயை வெட்டினவர்கள் தண்ணீர் நிற்பதற்காகத்தான் வெட்டினார்கள், இறங்குவதற்காக இல்லை. இறங்கினது உபரி. வீட்டுக்காரர் இறங்க வேண்டும் என்கிறார், விவசாயி நிற்க வேண்டும் என்கிறார். இரண்டு பேரும் தூர் வார வேண்டும் என்று ஒரே மனுவில்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். என்னைக் கேட்டால் வயல் இருக்கிற வரை விவசாயி பக்கம்தான் நிற்பேன். கரையோரத்தில் ஆழமாகக் குழி போடுவதை மட்டும் யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள், கரைக்கு அடியில் கசிவு கூடி மண் அரித்துக் கரையே உட்கார்ந்துவிடும்.

இரண்டாவது கேள்வி, போர்கள் கண்மாயை வற்றவைக்குமா. ஒரு வீடு நாளுக்கு 1,000 லிட்டர் எடுத்தால் கண்மாய்க்குத் தெரியாது. 1,000 வீடு எடுத்தால் 10 லட்சம் லிட்டர், மேலே போட்ட கணக்குப்படி 100 ஏக்கர் கண்மாய் நாளெல்லாம் கீழே விடுகிறதைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதில் ஒரு பங்கு குளியலறை வழியாக மண்ணுக்கே திரும்பும் என்று வைத்துக்கொண்டாலும் மட்டம் இறங்கிக்கொண்டே போகும். மட்டம் இறங்க இறங்கக் கண்மாய்க்கும் மண்ணுக்கும் வித்தியாசம் கூடும், டார்சி சொன்ன மாதிரி கசிவும் கூடும். முன்னால் மேட்டுக்காட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த ஓரம் கூட ஒரு கட்டத்தில் கொடுக்க ஆரம்பித்துவிடும். பங்குனி வரை நின்ற கண்மாய் மாசியிலேயே தரை தெரிந்தால் ஊரில் மழையைத் திட்டுவார்கள், மண்ணுக்கு அடியில் நடந்தது யார் கண்ணிலும் படாது. இதற்கு ஒரு எல்லையும் உண்டு. நிலத்தடி மட்டம் கண்மாய்த் தரைக்கு ரொம்பக் கீழே போய், நடுவில் காற்றடைத்த காய்ந்த மண் வந்துவிட்டால், அதற்கு மேல் எவ்வளவு உறிஞ்சினாலும் கண்மாய் அதற்காக அதிகம் கொடுக்காது. உங்கள் பக்கத்து வீட்டுக் கிணற்றில் 15 அடி என்பதால் அங்கே இன்னும் அந்த நிலைமை வரவில்லை.

தண்ணீரோடு சேர்ந்து வருவதையும் யோசிக்க வேண்டும். உங்கள் கண்மாயில் சாக்கடை கலக்கிறதா என்று வரத்துக்கால் வழியே ஒரு நடை நடந்து பாருங்கள். மண் கிருமிகளை ஓரளவு வடிகட்டிவிடும், நைட்ரேட்டையும் உப்பையும் வடிகட்டாது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குடிக்கக் கூடாது, கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் சுண்டுவதால் இன்னும் கூடும். அதனால்தான் கேசிங்கில் ஓட்டை போட்டு மேல் தண்ணீரை உள்ளே விடலாமா என்று கேட்கிறவர்களிடம் வேண்டாம் என்கிறேன். ஒரு போரில் விட்டால் அடியில் வெடிப்பு இருந்தால் அது வழியாகப் பக்கத்துத் தெருவுக்கும் போகும்.

உங்களுக்கு நான் சொல்வது: அந்த 600 அடியை மறந்துவிடுங்கள், இன்னும் 200 அடி ஆழப்படுத்தலாம் என்று வருகிறவரை காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். இடம் இருந்தால் எட்டடி அகலத்துக்கு ஒரு உறைகிணறு, சரளை முடிந்து பாறை தட்டுகிற வரை. உறைகளுக்கு நடுவே சிமெண்ட் பூசாமல் வெளிப்பக்கம் ஜல்லி போடச் சொல்லுங்கள், கழிவுநீர்த் தொட்டி எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நல்லது. வெட்டுவதற்கு முன்னால் கொத்தனாரிடம் ட்யூப் லெவலுக்கு, அதாவது தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்க, நீளமான பைப் இரவல் வாங்கி, கண்மாய்த் தண்ணீரின் மட்டத்தையும் பக்கத்து வீட்டுக் கிணற்றுத் தண்ணீரின் மட்டத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரே மூச்சில் 200 மீட்டர் முடியாது, பத்துப் பதினைந்து தடவை கல் வைத்துக் கல் வைத்து நகர வேண்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். கண்மாய் கிணற்றைவிட ஐந்தாறு அடி உயரத்தில் இருந்தால் தைரியமாக வெட்டலாம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலோ கிணறு உயரமாக இருந்தாலோ பக்கத்து வீட்டுத் தண்ணீர் கண்மாயிலிருந்து வரவில்லை, வேறு எங்கிருந்தோ வருகிறது. அப்போது எனக்கு அந்த எண்களை அனுப்புங்கள், அது வேறு கதை.